நான் கழற்றிப் பார்த்த காலிப்பர்

வியாழக்கிழமை அந்தப் பேட்டரி வண்டி மறுபடியும் நம் ஷெட்டுக்கு வந்தது, பாய். முன் சக்கரத்துப் பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி இடது சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் தூளும் ஆயிலும் கலந்த அந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரைத் துணியால் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து வெள்ளைப் பெயிண்டில் உன் கையெழுத்து வந்தது. ‘இடது’ என்று எழுதியிருந்தாய். எதிர்ப்பக்கம் போய்த் துடைத்தேன். அங்கே ‘வலது’. அதற்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருந்தாய், பரீட்சையில் தலைப்புக்குக் கோடு போடுகிற பிள்ளை மாதிரி.

இருபது வருஷமாகப் பிரேக் பூட்டியவன் எழுதி வைத்துக்கொள்கிற சங்கதியா அது? நீ அதை ஏன் எழுதினாய் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். பதினோரு மாதம் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். இப்போது எழுதுகிறேன். பட்டணம் எரிந்தபின் கிணறு வெட்டுகிறான் பார் என்று நீ சிரித்தாலும் சரி.

என் குணம் உனக்குத் தெரியாததா? டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாய் வைக்கமாட்டேன். பஞ்சர் கடையில் காற்று அடித்துவிட்டு வந்தால் நம் மீட்டரை வைத்து இன்னொரு தடவை அளப்பேன். "உங்கூட்டுல தப்பா பேரு வெச்சிட்டாங்க மாமே. சந்தேகம்னு வெச்சிருக்கணும்" என்பாய். நீ எனக்கு நேர் எதிர். ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், நம்பிவிடுவாய். அந்த நம்பிக்கையே எனக்குச் சந்தேகமாக இருக்கும். ஒரு மனுஷன் இவ்வளவு வெள்ளையாக இருப்பானா என்று.

ஆட்டோவுக்கு டிரம் பிரேக் பார்த்துக்கொண்டிருந்த நாம் இரண்டு பேரும் நசரத்பேட்டையில் ஒன்றாக ஷெட் போட்டோம். செம்பரம்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் முளைக்க முளைக்க பேட்டரி வண்டிகளும் வந்தன. அதற்குப் பேர் கோல்ஃப் கார்ட்டாம். "கோல்ஃப் ஆடறவன் எவன்டா இந்தப் பக்கம் கீறான்? கால் வலிக்காரங்கதான் ஏறிகினு போறாங்க" என்று நீ சிரிப்பாய். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் வயசானவர்களை ஏற்றிப்போகிற வண்டி. நம் ஷெட்டுக்கு அதுதான் சோறு போட்டது.

ஷெட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. அது நீ போட்டது. பிரேக் வேலை என்றால் ஒருவன் பூட்ட வேண்டும், இன்னொருவன் ஸ்பானர் வைத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பூட்டியவன் பக்கத்தில் நிற்க வேண்டும். "ஆளு நிக்கும்போது புடிச்சிப் பாத்தா அது சோதன மாமே. ஆளு இல்லாதப்போ பாத்தா அது வேவு" என்று சொல்வாய். சந்தேகப் பிராணியான எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. நாள் முழுக்கச் சந்தேகப்படலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வண்டியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முழுக்க எழுதுகிறேன், உன் பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும். அந்த அடுக்குமாடியில் தரைக்குக் கீழே இறங்குகிற பார்க்கிங் சரிவில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு போன வண்டி நிற்காமல் இரண்டு முழம் வழுக்கிவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் சங்கத்து செகரட்டரி பயந்துபோனார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. "டிரம்மை நம்ப முடியாதுங்க. முன்னாடி டிஸ்க் போட்டுடலாமுங்க" என்று சொல்லி ஆன்லைனில் ஒரு கிட் வரவழைத்துவிட்டார். இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் பைப், ஒரு கவர் நிறைய செப்பு வாஷர். பெட்டியின்மேல் எங்கே செய்தது என்றுகூட அச்சடிக்கவில்லை.

"இது வேணாம் பாய். வாஷரப் பாரு, தகரத்துக்கு முலாம் பூசின மாதிரி கீது" என்றேன்.

"நல்லாத்தான் கீது மாமே. இந்த வேலைய நான் ஒருத்தனே பண்றேன். நீ கிட்ட வராத. சாயங்காலம் வந்து புடிச்சிப் பாரு" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் எந்தப் பிரேக் வேலையையும் நீ தனியாகச் செய்கிறேன் என்று கேட்டதில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு நாள் காலையில் ஷெட்டுக்கு வராமல் ஆவடிக்குப் போயிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு "ஒரு வேல கீது" என்றாய், அவ்வளவுதான். போன் வந்தால் ரோட்டுக்குப் போய்ப் பேசினாய். உன் மச்சான் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் கடைக்கு இடம் பார்க்கிறான் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். என்னைக் கழற்றிவிடப் போகிறாய், டிஸ்க் வேலை உனக்கு மட்டும்தான் தெரியும் என்று செகரட்டரியிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பப் போகிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தாய். ஆயில் மட்டும் ஊற்றவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "ஜும்மாக்குப் போயிட்டு வந்து ஆயில் ஊத்தி ஏர் எடுக்கறேன். நீ தொடாத இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

தொடாதே என்றால் எனக்குக் கை சும்மா இருக்குமா? அந்த மட்டமான வாஷரைத்தான் போட்டிருப்பான், நாளைக்கு ஆயில் ஒழுகினால் என் தலையில் கட்டுவான் என்று மனசு அரித்தது. ரோட்டை எட்டிப் பார்த்தேன். நீ பள்ளிவாசல் திருப்பத்தில் மறைந்துவிட்டாய். சக்கரங்களைக் கழற்றினேன். ஹோஸைப் பிரித்து இரண்டு காலிப்பரையும் எடுத்து மேஜைமேல் வைத்து, வாஷரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். நீ கிட்டில் வந்ததைப் போடவில்லை. நம் டப்பாவிலிருந்து நல்ல செப்பு வாஷராகப் பொறுக்கிப் போட்டிருந்தாய். ஒரு குறை கிடையாது. வெட்கமாக இருந்தது. தொழுகை முடிகிற நேரமாகிவிட்டதே என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

காலிப்பர்கள் இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். ஒரே வித்தியாசம், காற்றை வெளியே எடுக்கிற நிப்பிள் மேல்பக்கம் வருகிற மாதிரி மாட்ட வேண்டும். இடதை வலதில் மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். ஆயிலுக்குள் இருக்கிற காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை தடவை மிதித்தாலும் வெளியே வராது. நான் அப்படித்தான் மாற்றி மாட்டியிருந்தேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

நீ வந்து ஆயில் ஊற்றினாய். நான் பெடலை மிதிக்க, நீ வண்டிக்கு அடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூடினாய். கீழே இருந்ததால் படுத்திருந்த உன் கைக்கு அது வாகாக இருந்தது, நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. சாயங்காலம் வரைக்கும் பெடல் பஞ்சு மாதிரியே அமுங்கியது. "கிட்டு சரியில்லன்னு சொன்னேனா இல்லியா?" என்று நான் வேறு குத்திக்காட்டினேன். நீ வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடியில் படுத்தாய்.

மறுநாள் காலையில் செகரட்டரி வண்டியை எடுத்துப்போக வந்து நின்றார். அவர் எதிரிலேயே நீ சக்கரத்தைக் கழற்றி உட்கார்ந்து பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

"நிப்பிள் கீழ கீது மாமே" என்றாய்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்னங்க பாய், சனங்க ஏறுற வண்டிங்க. இதுல போய் இடது வலது மாத்திட்டீங்களே" என்றார் செகரட்டரி.

"என் தப்புதான் சார். ஒரு மணி நேரத்துல சரி பண்ணித் தரேன்" என்றாய்.

அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினாய். "மேல வெச்சித்தான் மாட்டினேன். இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. எப்டி கீழ போச்சி? நீ எதனா தொட்டியா மாமே?"

"நான் எதுக்குத் தொடறேன்? நீதான் தொடாதன்ட்டியே" என்றேன்.

இதுதான் நான் செய்த பாவம். மாற்றி மாட்டியதுகூடக் கைத்தப்பு. இந்தப் பொய்யை வாயால் சொன்னேன், தெரிந்தே சொன்னேன். நீ என் முகத்தைக்கூட இரண்டாவது தடவை பார்க்கவில்லை. நானாக இருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன். நீ தலையை மட்டும் ஆட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாய்.

"எங்க அத்தாக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது" என்றாய்.

உன் அப்பாவை எனக்குத் தெரியும். பூந்தமல்லியில் பேர்போன தையல்காரர். ஒருநாள் ஒரு ஜிப்பாவுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார், தைத்ததே நினைவில்லை என்றார். அப்புறம் பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் பழக்கடை வாசலில் நிற்பார், நீ போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவாய். கடைசி வருஷம் உன்னையே யார் என்று கேட்டார். அந்த நோய் உனக்கும் வந்துவிட்டது என்று அந்த நிமிஷத்தில் நீ நம்பிவிட்டாய். என் பொய்தான் உனக்கு அந்த நோயைக் கொடுத்தது.

அதற்கப்புறம் நீ பிரேக்கில் கை வைக்கவே இல்லை. வண்டியை ஒப்படைக்கும் முன் காலிப்பர்கள்மேல் பெயிண்டால் எழுதினாய், அதுதான் கடைசி. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜர் பார்ப்பது என்று ஒதுங்கிக்கொண்டாய். ஷட்டரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் "பூட்டினனா மாமே?" என்று திரும்பிப் பார்ப்பாய். உள்ளங்கையில் பேனாவால் என்னென்னவோ எழுதிக்கொண்டு வருவாய். பைக்கை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது சொல்ல. முதல் இரண்டு வாரம், இவன் நடிக்கிறான், ஷெட்டை விட்டுப் போவதற்குச் சாக்குத் தேடுகிறான் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் போகலாம் வா என்றதற்கு, "தெரிஞ்சிகினு இன்னா பண்றது? அத்தாவப் பாத்தவன்தான நானு" என்று மறுத்துவிட்டாய். அப்போதுதான் நடிப்பு இல்லை என்று உறைத்தது.

சொல்லிவிடலாம் என்று எத்தனை நாள் வாயைத் திறந்திருக்கிறேன் தெரியுமா? ஒருநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தில் நீ ஏதோ சொன்னாய், குனிந்து கேட்டேன்.

"நான் உன்ன யாருன்னு கேக்கற நாள் வந்தா கோச்சிக்காத மாமே. பக்கத்துல சும்மா உக்காந்துட்டுப் போ."

"போடா லூசு" என்றேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. ‘பாய், நான்தான் மாற்றினேன்’ என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எது? சொன்னால் நீ அடித்திருப்பாய். அடித்துவிட்டு அன்றைக்கே பைக்கை எடுத்திருப்பாய். ஆனால் நீ இல்லாதபோது உன் வேலையைப் பிரித்துப் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே. வேவு பார்த்தவன் என்று என்னை நீ பார்க்கிற அந்த ஒரு பார்வைக்குப் பயந்து, உன்னைப் பதினோரு மாதம் பயத்திலேயே விட்டுவிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. குழியருகே நின்று மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் பொண்டாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசல் கதவைத் திறந்தே வைத்து, நாற்காலி போட்டாள். தங்கச்சிக்கு இன்னும் அதே மரியாதை. தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்காமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அவரு இல்லாதப்போவா கழட்டினீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"ஆவடிக்கு ரெண்டு நாளு போய்க் கத்துகினு வந்தாரே அண்ணே. அங்க பைக்குக்கு டிஸ்க்கு போடறவரு ஒருத்தர் கீறாராம். டிஸ்க்கு வேல அண்ணனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, நான் கத்துகினு வந்து மாட்டிக் காட்டினா அசந்துடுவான்னு சிரிச்சிகினே போனாரே."

நான் பார்த்த ஆவடி மர்மம் இவ்வளவுதான் பாய். எனக்குக் காட்டத்தான் நீ கற்றுக்கொண்டு வந்தாய்.

நான் குடிக்காத தண்ணீரை அவள் எடுத்து ஓரமாக வைத்தாள். அப்புறம், "அப்போ அவருக்கு மறதியே இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"பைக்கு சாவிய நான்தான் புடுங்கி பீரோல வெச்சேன். வழி மறந்து எங்கனா போய் நின்னுடுவாரோன்னு. ரெண்டு தடவ கேட்டாரு. குடும்மா, தெருமுன வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறேன்னு கொழந்த மாதிரி கேட்டாரு. குடுக்கலியே நானு."

அழுதிருந்தால் தேவலை. அவள் அழவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பொய்யை அவளும் சேர்ந்து சுமந்திருக்கிறாள், அது பொய் என்றே தெரியாமல்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். "பசங்க ரெண்டு பேரும் பயந்துகினு கீறானுங்கண்ணே. தாத்தாக்கு வந்துச்சி, அத்தாக்கு வந்துச்சி, அடுத்து நமக்குத்தான்னு. பெரியவன் ஒரு சாமான வெச்ச எடம் மறந்துட்டாக்கூட மூஞ்சி செத்துப் பூடுது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஊட்ல இருப்பானுங்க. நீங்க வந்து சொல்லுங்க."

"நீயே சொல்லிடேம்மா" என்றேன். அந்த இடத்திலும் நழுவத்தான் பார்த்தேன்.

"நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பானுங்க. பண்ணது நீங்க. நீங்களே சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அந்த வண்டிக்குப் பேடு மாற்றிப் பூட்டினேன். பக்கத்து ஷெட்டு வயரிங்காரரைக் கூப்பிட்டு, அவர் கையில் ஸ்பானரைக் கொடுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். "இன்னா அண்ணாத்தே, உங்க வேலய நான் பாக்கறதா?" என்று சிரித்தார். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். உன்னுடைய அந்தச் சட்டம் மட்டும்தான் இப்போது ஷெட்டில் மிச்சம்.

இன்று சனி. நாளைக்குப் போக வேண்டும். காலையிலேயே ஒரு பார்ட்டி போன் செய்து, திருமழிசையில் வண்டி நின்றுவிட்டது, நாளைக்கு வர முடியுமா என்றான். வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன் பாய். நாக்கைக் கடித்துக்கொண்டு, முடியாது என்றேன். வழியில் இன்னும் எத்தனை சாக்கு வந்து நிற்குமோ. உன்னையும் ஊரையும் சந்தேகப்பட்டவனுக்கு இப்போது தன்னை ஒருவனைத்தான் நம்ப முடியவில்லை. அதனால் அவர்கள் எதிரில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை ‘நான்தான்’ என்கிற இடத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை முழுசாக வந்தது.

"உங்க அத்தா எதையும் மறக்கலப்பா. அவரு சரியாத்தான் மாட்டினாரு. நான்தான் கழட்டினேன்."